பாஸ்டன் செல்டிக்ஸின் மூன்று பருவங்களும் கோப்பை வாய்ப்பின் கணக்கும்

ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி கோப்பையை வெல்லுமா என்று கணிக்க முற்படுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதன் வெற்றி தோல்விப் பட்டியலைத்தான். ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து அணிகளைப் பற்றி அறிக்கை எழுதுவது என் தொழில். இளம் பயிற்சியாளர்கள் என்னிடம் கொண்டுவரும் அறிக்கைகளில், அந்த அணி எப்படி வெல்கிறது என்பது பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். எந்த வகையில் அது தோற்கக்கூடும் என்பதற்கு ஒரு பத்தியும் இருக்காது. அறிக்கையின் பயனே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்பதை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் அண்மைக்கால அணிகளில் நான் கூர்ந்து கவனித்த பாஸ்டன் செல்டிக்ஸைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

2023-24 பருவத்தில் அந்த அணி 82 ஆட்டங்களில் 64 வென்றது. எனினும், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 11 புள்ளிகளுக்கு மேல் அது முன்னிலை பெற்றிருந்தது என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களைக் கடைசி நிமிடத்து எறிவு ஒன்றே தீர்மானித்துவிடக்கூடும் என்பதால், அணியின் உண்மையான தரத்தை வெற்றிகளின் எண்ணிக்கையைவிடப் புள்ளி வித்தியாசம் தெளிவாகக் காட்டும். அதையும் 100 தாக்குதல் வாய்ப்புகளுக்கு (பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு) எவ்வளவு என்று மாற்றிப் பார்த்தால்தான் வேகமாக ஆடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஏழடிக்கு மேல் உயரமுள்ள கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் கூடையிலிருந்து தொலைவில், எறிவொன்றுக்கு மூன்று புள்ளி தரும் கோட்டுக்கு வெளியிலிருந்தும் எறியக்கூடியவர் என்பதால், எதிரணியின் உயரமான தடுப்பாட்டக்காரர் கூடையின் அருகே நிற்க முடியாமல் வெளியே வரவேண்டியிருந்தது; அவர் விட்டுவந்த இடத்தில் ஜேசன் டேட்டமும் ஜெய்லன் பிரவுனும் புகுந்தார்கள். தடுப்பாட்டத்தில் ஜ்ரூ ஹாலிடேயும் டெரிக் வைட்டும் இருந்தது அதைவிடப் பெரிய பலம் என்பது என் கருத்து. பருவகால ஆட்டங்களில் ஓர் அணியைப் படிக்க எதிரணிக்குக் கிடைப்பது ஓரிரு நாள்கள் மட்டுமே. பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் தொடரிலோ ஒரே எதிரியை ஏழு முறைவரை சந்திக்க நேரும். அங்கே தடுப்பாட்டத்தில் மிகவும் பலவீனமான ஒருவரைக் கண்டுபிடித்து, ஸ்கிரீன் வைத்து (தடுப்பவரின் வழியில் சக ஆட்டக்காரர் ஒருவரைக் குறுக்கே நிறுத்தி) அவரையே திரும்பத் திரும்ப ஆட்டத்தின் நடுவே இழுத்து வருவார்கள். பாஸ்டனின் முதல் ஐவரில் அப்படிக் குறிவைக்கத்தக்க ஆள் ஒருவரும் இல்லை.

இந்த ஐவர் அமைந்ததற்கு முந்தைய ஆண்டின் தோல்வி காரணம். 2023 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் 0-3 என்று பின்தங்கிய பாஸ்டன் 3-3 வரை வந்து, ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே மயாமி ஹீட்டிடம் 84-103 என்று தோற்றது. அன்று மூன்று புள்ளி எறிவுகள் 42இல் 9 மட்டுமே விழுந்தன. டேட்டமுக்கு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கணுக்கால் பிசகியதும் உண்மைதான். ஆனால், வெளியிலிருந்து எறிவது விழாத நாளில் புள்ளி எடுக்க இந்த அணிக்கு வேறென்ன வழி இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஆட்டம் விடை தரவில்லை. ரசிகர்கள் மிகவும் நேசித்த மார்கஸ் ஸ்மார்ட்டை மெம்ஃபிஸுக்குப் போகவிட்டு, குட்டையான தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலாகவே எறியக்கூடிய போர்ஸிங்கிஸை நிர்வாகம் கொண்டுவந்தது. மனம் வலித்த முடிவு. ஆனால் குறையை நேராகப் பார்த்து எடுத்த முடிவு.

2024 பிளேஆஃபில் 16 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கில் பாஸ்டன் தன் 18ஆவது பட்டத்தை வென்றது. ஆயினும் மதிப்பீட்டாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சுற்றிலேயே காயமடைந்த போர்ஸிங்கிஸ் இறுதித் தொடர்வரை களமிறங்கவில்லை; அந்த இடத்தை நிரப்பியவர் அந்த ஜூனில் 38 வயது நிறைந்த அல் ஹார்ஃபோர்ட். எதிரணிகளின் நிலையும் அப்படித்தான் இருந்தது: மயாமிக்கு ஜிம்மி பட்லர் ஆடவில்லை, கிளீவ்லாந்தின் டோனவன் மிட்செல் கடைசி இரண்டு ஆட்டங்களில் இல்லை, இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனும் பாதித் தொடரில் வெளியேறினார். அந்த அணி பட்டத்துக்கு முற்றிலும் தகுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், போர்ஸிங்கிஸ் இல்லாமலும் எந்தப் பலமான எதிரியையும் வென்றுவிடலாம் என்று அந்தத் தொடர்களை வைத்து முடிவுகட்ட இயலாது.

மறு ஆண்டில் அது வெளிப்பட்டது. 61 வெற்றிகளோடு வந்த பாஸ்டன், இரண்டாம் சுற்றில் நியூயார்க் நிக்ஸுடனான முதல் ஆட்டத்தில் 60 மூன்று புள்ளி எறிவுகளில் 15ஐயும், அடுத்த ஆட்டத்தில் 40இல் 10ஐயும் மட்டுமே கூடையில் சேர்த்தது. இரண்டிலும் 20 புள்ளி முன்னிலையைக் கைவிட்டுச் சொந்த ஊரில் தோற்றது. போர்ஸிங்கிஸ் உடல்நலம் குன்றியிருந்தார். நான்காவது ஆட்டத்தில் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்ததைத்தான் தோல்விக்குக் காரணமாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் தொடரின் போக்கு அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். 37 சதவீதத் திறன் உள்ள அணி 40 முறை எறிந்தால் ஏறக்குறைய 15 விழவேண்டும். திறனில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு நாள் 12, மறுநாள் 18 என்று விழுவது மிகவும் இயல்பு. அந்த இடைவெளி மட்டுமே 18 புள்ளிகள். ஆகவே மூன்று புள்ளி எறிவை இவ்வளவு நம்பும் அணியை மதிப்பிடும்போது, எறிவுச் சதவீதத்தோடு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) பெறும் அளவு, எதிர்க்கூடையில் பிடிக்கும் ரீபவுண்ட் (தவறிய எறிவைத் திரும்பக் கைப்பற்றுவது), பந்தை இழக்காத கவனம் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். மோசமான நாளில் அணியைத் தாங்கக்கூடியவை இவையே.

கோப்பை வாய்ப்பைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 65 சதவீத வெற்றிவாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரொன்றை ஏறத்தாழ 80 சதவீதம் வெல்லும். அப்படி நான்கு தொடர்களை அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பு 41 சதவீதம்தான். முப்பது அணிகளில் மிகச் சிறந்ததுகூடக் கோப்பையை இழப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது இதன் பொருள். 2024-25இல் 68 வெற்றிகள் பெற்ற ஓக்லஹோமா சிட்டி தண்டரும் டென்வருடனும் இண்டியானாவுடனும் ஏழாவது ஆட்டம்வரை போராடியே பட்டத்தை எட்டியது. எனவே "இந்த அணி நிச்சயம் வெல்லும்" என்று எழுதப்பட்ட அறிக்கையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வாய்ப்பு எத்தனை சதவீதம், யார் ஆடாவிட்டால் அது எவ்வளவு குறையும், எந்த எதிரணி அதை மேலும் குறைக்கக்கூடும் என்ற மூன்றையும் பிளேஆஃப் தொடங்கும் முன்பே எழுதி, தேதியிட்டு வைக்கச் சொல்வேன்.