பூச்சி மருந்து, புழுக்கொல்லி, புழுவகற்றி: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயலோர வீடுகளில், 'பூச்சி மருந்து' என்ற ஒரே பெயரால் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, வேளாண்மைக்கு அடிப்பதற்காக, மருந்தடிக்கும் தாங்கியோடு சேர்த்துக் கொட்டிலின் மூலையில் வைக்கப்பட்டிருக்கும் நஞ்சுப் போத்தல். மற்றது, பிள்ளையின் வயிற்றுப் பூச்சிக்கென்று தாய் வாங்கி வந்து அலுமாரியில் வைத்திருக்கும் குளிசை. வீட்டார் குழம்புவதில்லை, வினைச்சொல் அவர்களுக்கு வழிகாட்டிவிடுகிறது. 'பூச்சி மருந்து அடிச்சாச்சா?' என்றால் வயல்; 'பூச்சி மருந்து குடுத்தாச்சா?' என்றால் பிள்ளை. ஆனால் மருந்துப் பெட்டியின் மேலும், பாடநூலின் அட்டவணையிலும், மூலிகை ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வினைச்சொல் கூட வருவதில்லை. அங்கே பெயர்ச்சொல் தனியே நின்று தன் பொருளைக் காட்ட வேண்டும். குடற்புழுக்களுக்கு மூலிகைகளைக் கொண்டு செய்யப்படும் மருத்துவத்தைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் தடுக்கும் இடம் இதுதான்: 'அன்தெல்மின்டிக்' என்பதற்குத் தமிழ் என்ன?

அச்சொல் கிரேக்க மூலத்தது. 'அன்டி' என்றால் எதிர். 'ஹெல்மின்ஸ்' என்றால் புழு. புழுவுக்கு எதிரானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. கொல்லுமா, மயக்குமா, வெளியே தள்ளுமா என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. விடை தரும் சொற்கள் இலத்தீன் வழி வந்தவை. 'வெர்மிஸ்' என்ற புழுவோடு, கொல்லுதலைக் குறிக்கும் வினை சேர்ந்தது 'வெர்மிசைட்'; விரட்டுதலைக் குறிக்கும் வினை சேர்ந்தது 'வெர்மிஃபியூஜ்'. (கடையில் வாங்கும் சேமியாவுக்கு இத்தாலியர் இட்ட 'வெர்மிசெல்லி' என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான், 'சின்னப் புழுக்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். பாயாசம் குடிக்கும்போது இதை நினைக்காமலிருப்பது நல்லது.) ஆக, பொதுப்பெயர் ஒன்றும் அதனுள் அடங்கும் வகைப்பெயர் இரண்டும் அங்கே உள்ளன. தமிழில் இம்மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிடுவதே நம்முடைய குறை.

தமிழுக்கு வருவோம். 'புழு' நம் மொழிக் குடும்பத்தின் பழஞ்சொற்களில் ஒன்று. கன்னடத்தில் 'ஹுளு' என்றும் தெலுங்கில் 'புருகு' என்றும் நிற்கும் சொற்கள் இதற்கு உறவானவை. அதிலிருந்து 'புழுத்தல்' என்ற வினையும் உண்டு. ஈரத்தோடு மூடைகட்டிய நெல்லைப் பார்த்து 'புழுத்துப் போச்சு' என்று சொல்லாத விவசாயி அம்பாறையில் இருக்க மாட்டார். 'பூச்சி' என்பதோ இன்று ஆறு காலுள்ள உயிர்களைக் குறிக்கும் அறிவியற் சொல்லாகப் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் இருப்பதை மட்டும் நாம் இன்னும் பூச்சி என்றே சொல்கிறோம்: கீரிப்பூச்சி, நாக்குப்பூச்சி. அதே நேரத்தில் நாடாப்புழு, கொழுக்கிப்புழு, வட்டப்புழு என்று பாடநூல் வழி வந்த பெயர்கள் 'புழு'வில் முடிகின்றன. வீட்டில் பூச்சி, வகுப்பில் புழு என்று பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது சொல்லான 'கிருமி'தான் அதிகம் பொருள் மாறிப் போனது. வடமொழியில் அதற்குப் புழு என்பதே பொருள். வைணவ மரபு 'கிருமிகண்ட சோழன்' என்று ஒருவனைக் குறிப்பிடும்போது, அவன் கழுத்தில் புழு வைத்தது என்பதைத்தான் சொல்கிறது. காய்ச்சற் கிருமி தொற்றியதை அன்று. (அரபியில் 'கிர்மிஸ்' ஆகி, ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயத்துக்குப் பெயராகி, ஐரோப்பாவின் 'கிரிம்சன்' நிறம் வரை இச்சொல் பயணம் செய்திருக்கிறது.) கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நோய் தருகின்றன என்ற அறிவு பரவிய பின்பு, தமிழில் 'கிருமி' முழுவதுமாக அவற்றின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே பழைய ஏட்டில் 'கிருமி' என்று வருவதைக் கண்டு, இம்மூலிகை பக்டீரியாவைக் கொல்லும் என்று எழுதுவது வெறும் சொற்பிழை அன்று, மருத்துவப் பிழை. 'கிருமிநாசினி'யும் இதே காரணத்தால் நமக்கு உதவாது. எங்கள் பகுதி வயல்களில் அது இன்று தெளிக்கும் நஞ்சின் பெயர்.

இனி, சித்த மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மூலிகை ஒன்றின் செய்கையைக் குறிக்க அங்கே ஒழுங்கான ஒரு பெயரிடும் முறை உள்ளது. காய்ச்சலைத் தணிப்பது வெப்பகற்றி, சளியை வெளியேற்றுவது கோழையகற்றி, சிறுநீரை மிகுவிப்பது சிறுநீர்பெருக்கி, புழுவுக்கானது புழுக்கொல்லி. வேம்புக்கும் வாய்விளங்கத்துக்கும் இந்தக் கடைசிப் பெயர் வழங்குகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பகற்றிக்கு இணையான இலத்தீன் வழிச் சொல் 'ஃபெப்ரிஃபியூஜ்'. அதில் உள்ள விரட்டும் வினையே 'வெர்மிஃபியூஜ்' என்பதிலும் இருக்கிறது. அப்படியானால் அதற்கு நம் மரபே தரும் அச்சு 'அகற்றி', சொல் 'புழுவகற்றி'. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை, இருக்கும் அச்சில் வார்த்தால் போதும். காரைதீவிற் பிறந்து, 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு இதையாவது செய்யாமல் விடக்கூடாது.

கொல்லிக்கும் அகற்றிக்கும் உள்ள வேறுபாடு வெறும் இலக்கணப் பேச்சு அன்று. வயிற்றுப்புழு மருந்துகளில் பல, புழுவைக் கொல்வதே இல்லை. பிப்பெரசின் என்ற பழைய மருந்து வட்டப்புழுவின் தசையைத் தளர்த்திவிடும். பிடி விட்ட புழுவைக் குடலின் இயக்கமே வெளியே தள்ளிவிடும். வெற்றிலைத் தட்டத்தில் கிடக்கும் பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருளும் நாடாப்புழுவை முடக்கி, குடலின் அசைவையும் கூட்டுகிறது. அதன் உப்பு நாய்களின் நாடாப்புழுவுக்கு நெடுங்காலம் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இவை இரண்டும் அகற்றிகள். மெபெண்டசோலும் அல்பெண்டசோலும் புழுவின் உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்து, அது குளுக்கோசை உறிஞ்சுவதைத் தடுத்துக் கொல்கின்றன; இவை கொல்லிகள்.

நம் பரிகாரிமார் இந்த வேறுபாட்டைச் சொல்லாகப் பிரிக்காவிட்டாலும் செய்முறையில் அறிந்திருந்தார்கள். வாய்விளங்கப் பொடியைத் தேனிற் குழைத்துக் கொடுத்த பின், ஆமணக்கெண்ணெயால் வயிற்றைக் கழுவ வைப்பது வழக்கம். மயங்கிய புழு மீண்டும் பற்றிக்கொள்ளுமுன் வெளியேற வேண்டும் என்பதே அதன் கருத்து. வாய்விளங்கம் எங்கள் பக்கத்துக் காட்டுச் செடி அன்று, ஈரவலயத்துக் கொடி. இங்கே அது கடைச்சரக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் மிளகு போலவே உருண்டிருக்கும்; ஆனால் செம்பழுப்பு நிறம், மேலே மெல்லிய வரிகள், சிலவற்றில் ஒடியாமல் நிற்கும் சிறு காம்பு. மிளகிற் கலப்படம் செய்ய இதைப் பயன்படுத்துவார்கள் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பழகியிருப்பது நல்லது. வடமொழி 'விடங்கம்' நம் நாவில் 'விளங்கம்' ஆனது. அம்மொழியில் இதற்கு 'கிருமிக்ன' என்றும் பெயர் உண்டு. புழுவைக் கொல்வது என்பதே அதன் பொருள். புழுக்கொல்லி என்ற செய்கைப்பெயரை அங்கே தாவரத்துக்கே சூட்டிவிட்டார்கள்.

வேம்பு வீட்டு மருந்து. என் அம்மம்மா வெள்ளிக்கிழமைக் காலையில் வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அம்மியில் வைத்து, தண்ணீர் அதிகம் படாமல் அரைத்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி, வெறும் வயிற்றில் நீட்டுவார். 'கண்ண மூடித்து முழுங்கு மனே, மறுகா சீனி தாறன்' என்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பூச்சிக்குக் குடுக்கிறது' என்பதுதான். எந்தச் செய்கைப்பெயரும் இல்லை, கொல்லும் என்ற வாக்குறுதியும் இல்லை. கிரேக்கச் சொல்லின் பொருளுக்கு இதைவிடக் கிட்டிய தமிழை நான் இன்னும் காணவில்லை.

மேற்குலக மருத்துவமும் வெகு காலம் தாவரங்களையே நம்பியிருந்தது என்பதை அங்கே வழங்கிய பெயர்களே காட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுக்கிப்புழுவுக்குக் கொடுக்கப்பட்ட தைமோல், நம் ஓமத்தில் உள்ள அதே பொருள். கீனோப்போடியம் என்ற செடியின் எண்ணெயில் உள்ள புழு மருந்துக்கு அஸ்காரிடோல் என்று பெயர். வட்டப்புழுவின் இனப்பெயரான அஸ்காரிஸ் என்பதிலிருந்தே அது பிறந்தது. மாதுளை வேர்ப்பட்டையும் நாடாப்புழுவுக்குப் பயன்பட்டது.

இன்றைய ஆய்வுகளில்தான் 'புழுக்கொல்லி' என்ற சொல் அளவுக்கு மிஞ்சி வீசப்படுகிறது. மூலிகைச் சாற்றின் ஆற்றலைச் சோதிக்க, பல கூடங்களில் மண்புழுவை எடுத்துக்கொள்கிறார்கள். சாற்றில் இட்ட புழு எத்தனை நிமிடத்தில் முடங்குகிறது, எத்தனை நிமிடத்தில் இறக்கிறது என்று குறித்து, பிப்பெரசினோடோ அல்பெண்டசோலோடோ ஒப்பிடுவார்கள். மண்புழு எளிதிற் கிடைக்கும், மலிவு. ஆனால் அது ஒட்டுண்ணி அன்று. பழந்தமிழ் அதை 'நாங்கூழ்' என்று தனிப்பெயரிட்டு அழைத்தது. 'எறும்பிடை நாங்கூழ்' என்று திருவாசகத்தில் வருவது, எறும்பு மொய்க்கத் துடிக்கும் இந்த மண்வாழ் உயிரைத்தான். கண்ணாடித் தட்டில் நாங்கூழ் இறந்தது என்பதிலிருந்து, பிள்ளையின் குடலில் வட்டப்புழு இறக்கும் என்று முடிவு கட்ட முடியாது. இத்தகைய சோதனை முடக்கத்தையும் சாவையும் தனித்தனியே அளக்கிறது. பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே 'கொல்லி' என்று எழுதிவிடுகிறார்கள். மனிதரில் செய்யப்பட்டவை சிலவே. நைஜீரியாவில் 60 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2007இல் வெளிவந்த முன்னோடி ஆய்வில், உலர்ந்த பப்பாசி விதையைத் தேனோடு உண்ட 30 பேரில் 23 பேரின் மலத்தில் ஒட்டுண்ணிகள் இல்லாமற்போயின. தேன் மட்டும் உண்ட 30 பேரில் அது 5 பேருக்கே நிகழ்ந்தது. நம்பிக்கை தரும் எண்ணிக்கைதான். ஆயினும் ஒரு சிறு ஆய்வு.

'சாறு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பச்சிலையை இடித்துப் பிழிவது சாறு. நீரிற் காய்ச்சி வற்றவைப்பது சித்த மருத்துவத்தில் குடிநீர் (குழாயில் வரும் குடிநீரோடு இதுவும் குழம்புகிறது, என்ன செய்வது). எதனோலில் ஊறவைத்துப் பின் ஆவியாக்கி எடுப்பது பிரித்தெடுப்பு. இம்மூன்றிலும் இறங்கும் பொருள்கள் ஒன்றல்ல. எதனோற் பிரித்தெடுப்பில் கண்ட பயனை, வீட்டில் அவித்த குடிநீருக்கும் உரியதாக எழுதக்கூடாது.

இதில் ஆபத்தும் உண்டு. ஆடுதின்னாப்பாளை புழுவுக்குச் சொல்லப்படும் மூலிகை. எதையும் மேயும் ஆடே தொடாது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அச்செடியினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது, புற்றுநோய் தருவது என்று உறுதியாகிவிட்டது. குப்பைமேனியும் அப்படியே. இலைக்கஞ்சியில் அதைச் சேர்த்துக் குடித்த, ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் செங்குருதிக் கலங்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்திருக்கிறார்கள். கொல்லி என்ற பெயர், யாரைக் கொல்லி என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவருகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. 'அன்தெல்மின்டிக்' என்ற பொதுப்பெயருக்குப் 'புழுமருந்து' போதும். 'குடற்புழு நீக்கி' நல்ல சொல்தான். ஆனால் யானைக்கால் நோய் தரும் புழு குடலில் இல்லை, நிணநீர்க் குழாயில் இருக்கிறது. அதற்குரிய மருந்தும் இப்பொதுப்பெயரில் அடங்க வேண்டும். முடக்கி வெளியேற்றுவது புழுவகற்றி. கொல்வது ஐயமின்றிக் காட்டப்பட்டால் மட்டுமே புழுக்கொல்லி. 'வேப்பிலையின் புழுக்கொல்லிப் பண்பு' என்று தலைப்பிட்டு வரும் கட்டுரைக்குள் மண்புழு முடங்கிய நேரம் மட்டுமே அளக்கப்பட்டிருந்தால், அதன் தலைப்பை 'வேப்பிலைச் சாற்றில் மண்புழு முடங்கும் நேரம்' என்று திருத்த வேண்டும்.