பழைய கார் தினமும் ஓட என்ன வேண்டும்?

அறுபதுகளில் தயாரான கார் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், இஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் நன்றாகப் பராமரித்த இஞ்சினில் பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் எளிதில் கைவிடுவதில்லை. வண்டியை நிறுத்துபவை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் சிறிய பாகங்கள்தாம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் எனப்படும் இரண்டு சிறிய உலோக முனைகள் தெரியும். அவை ஒட்டியிருக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலின் முதல் சுருளில் மின்சாரம் ஓடுகிறது. நடுத்தண்டின் மேடு வந்து இடித்து அவற்றைப் பிரித்ததும் மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுகிறது. ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் பொறி இதுதான். நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது இந்தப் பிரிதல் ஒரு விநாடியில் 100 முறை நிகழ்கிறது. நாளடைவில் ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுகின்றன. நடுத்தண்டின் மேட்டில் உரசும் ஃபைபர் கட்டையும் தேய்வதால், 0.4 மி.மீ. அளவில் இருக்கவேண்டிய இடைவெளி குறைந்து, பொறி தாமதமாகிறது. இழுவை குறைந்து இஞ்சின் சூடேறுகிறது. இந்த இடத்தில், காந்தத்தைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரைப் பொருத்திவிட்டால் தேய்வதற்கு எதுவுமில்லை. தினசரி ஓட்டத்துக்கு முதலில் செய்யவேண்டிய மாற்றம் இதுவே என்பது என் கருத்து.

அடுத்தது, பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோ. இரவில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கினால், பேட்டரி நிரம்பவில்லை, கரைகிறது என்று பொருள். டைனமோவில் மின்சாரம் பிறக்கும் சுருளே சுழல்வதால், மொத்த மின்சாரமும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளிவர வேண்டும். மெதுவாகச் சுழலும்போது கிடைப்பது மிகக் குறைவு. டைனமோவுக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய ஆல்டர்னேட்டரில் அந்தச் சுருள் அசையாமல் இருக்க, காந்தம் மட்டும் சுழல்கிறது. பிரஷ்கள் காந்தத்துக்கான சிறு மின்சாரத்தை மட்டுமே சுமப்பதால், அதை அதிக வேகத்தில் சுழலவிட்டு, இஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போதும் பேட்டரியை நிரப்பலாம். ஆனால் அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் அதன் டயோடுகள் கருகிவிடும்.

வெயில் நாளில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் அது மறுப்பதற்குப் பெட்ரோலே காரணம். ஃபேன் நின்றதும் இஞ்சினின் சூடு பம்புக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும் பரவுகிறது. பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். இஞ்சினோடு இணைந்த பழைய பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுப்பதால் குழாயில் அழுத்தம் குறைந்து, கொதிநிலை மேலும் இறங்குகிறது. ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது. டேங்க் அருகில் மின் பம்ப் வைத்துத் தள்ளினால் குழாயில் அழுத்தம் கூடி, சிக்கல் பெரிதும் நீங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை அரிப்பதால், அவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

சொகுசு என்பது பெரும்பாலும் ரப்பர் விஷயம்: சஸ்பென்ஷன் மூட்டுகளில் இறுகிப்போன ரப்பர் புஷ்களையும் டயர்களையும் மாற்றினாலே பாதி அதிர்வு அடங்கும். பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த்தொடர் உள்ள காரில் ஓரிடத்தில் கசிந்தாலும் பெடல் தரைவரை இறங்கிவிடும். ஆகவே இரட்டைத் தொடருக்கு மாறியே தீர வேண்டும்.

இத்தகைய காருக்குத் தினசரி ஓட்டம் நல்லதே, தூரம் போதுமானதாக இருந்தால். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உருவாகிறது. குளிர்ந்த இஞ்சினில் அதில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்டப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதற்குமுன் வண்டியை அணைத்துவிட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது.