கணினி எழுந்துவிட்டது, திரைதான் வரவில்லை

சஸ்பெண்டில், அதாவது உறக்க நிலையில், கிடந்த லினக்ஸ் கணினியின் விசைப்பலகையைத் தட்டுகிறோம். விசிறி சுற்றத் தொடங்குகிறது, சிபியு பெட்டியில் விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது. பலர் அடுத்துச் செய்வது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான். சிறு அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். திங்கட்கிழமை காலை அழைப்புகளில் இந்தப் புகார் தவறாமல் இருக்கும்: "அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது சார், ஆனால் பாதியில் வைத்திருந்த பில்லைக் காணவில்லை."

உபுண்டு, டெபியன் போன்றவை வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜர்னலிங் உண்டு, அதாவது மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. எனவே இப்படித் திடீரென்று மின்சாரத்தைப் பறித்தாலும் வட்டு பெரும்பாலும் தப்பித்துவிடும். சேமிக்காத பில் தப்பாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அணைக்கப்பட்ட அந்தக் கணினி பல வேளைகளில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். உறக்கத்திலிருந்து எழாதது மானிட்டராக இருக்கலாம், கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் நிரலாக இருக்கலாம், பூட்டுத் திரையாக இருக்கலாம், லினக்ஸின் மையமான கெர்னலாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறது. வரைகலைச் சூழலில் அந்த விளக்கை ஏற்றி இறக்குவது, திரையில் சாளரங்களைக் காட்டும் நிரலான எக்ஸ் சர்வர் அல்லது வேலண்ட் கம்பாசிட்டரின் வேலை. ஆகவே விளக்கு மாறினால் கெர்னலோடு டெஸ்க்டாப்பும் விழித்திருக்கிறது. மானிட்டரையும் கேபிளையும் பாருங்கள். மாறாவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். டெஸ்க்டாப் மட்டும் உறைந்து கெர்னல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதே வலைப்பின்னலில் உள்ள வேறொரு கணினியிலிருந்து பிங் கட்டளையால் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நான் பராமரிக்கும் ஒவ்வொரு கணினியிலும், வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சேவையை நிறுவி வைப்பது முக்கியமாக இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கறுப்பிலும் வகை உண்டு. மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று காட்டிவிட்டு அடங்குவது ஒன்று. பின்னொளி எரிந்தபடி, மவுஸ் சுட்டி மட்டும் கறுப்பில் நகர்வது இன்னொன்று. மடிக்கணினியில் மூன்றாவது வகையும் உண்டு: படம் இருக்கும், பின்னொளி இருக்காது. கைப்பேசியின் டார்ச்சை திரைமீது சாய்வாக அடித்தால் சாளரங்கள் மங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கிராபிக்ஸ் அட்டையைக் குறைசொல்ல வேண்டாம். பின்னொளியைக் கட்டுப்படுத்தும் இடத்தில்தான் தவறு.

அலுவலகங்களில் நான் அதிகம் பார்ப்பது முதல் வகையை. அதிலும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த மானிட்டர்கள். எச்டிஎம்ஐ இணைப்பில் கணினியே 5 வோல்ட் மின்சாரத்தைக் கேபிள் வழியாக அனுப்புகிறது. மானிட்டர் தூங்கினாலும் தன் பெயரையும் தனக்கு ஏற்ற தெளிவுத்திறன்களையும் சொல்லும் சிறு சில்லு அந்த மின்சாரத்தில் பதில் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் கணினியின் கண்ணுக்கு மானிட்டர் பெரும்பாலும் இணைப்பிலேயே இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் அந்த ஏற்பாடு இல்லை. மானிட்டர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் ஹாட் பிளக் சமிக்ஞையையே சில மாடல்கள் கீழே இறக்கிவிடுகின்றன. கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கணினி எண்ணிக்கொள்ளும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், எழுப்பியதும் எல்லாச் சாளரங்களும் ஒரே திரையில் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள், காரணம் இதுதான். திரும்ப எழும்போது கணினியும் மானிட்டரும் எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று புதிதாக ஒத்திகை பார்க்க வேண்டும். லிங்க் டிரெயினிங் எனப்படும் அந்த ஒத்திகை தோற்றால் திரையில் ஒன்றும் வராது.

இதற்கான முதல் மருந்து லினக்ஸில் இல்லை, மானிட்டரின் சொந்த மெனுவில் இருக்கிறது. அங்கே "டீப் ஸ்லீப்" என்றோ அதைப்போன்ற பெயரிலோ ஓர் அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதியையும் நிறுத்தி, டிஸ்ப்ளேபோர்ட் என்றே நிலையாக வையுங்கள். கணினி மெதுவாக எழும் அந்தச் சில விநாடிகளில் மானிட்டர் ஒவ்வொரு துளையாகத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லையென்று மறுபடி தூங்கப் போய்விடுவது உண்டு.

கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டின் 20-வது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. இரு முனைகளுக்கு இடையே அதை இணைக்கக் கூடாது என்பது விதி. மலிவான சில கேபிள்களில் இணைத்தே விற்கிறார்கள். மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் நுழைந்து விதவிதமான குழப்பங்களை உண்டாக்கும். வாரக்கணக்கில் டிரைவரை மாற்றிப் பார்த்தும் தீராத ஒரு சிக்கல், தரமான கேபிளை மாட்டியதும் மறைந்ததை ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் கண்டேன். ஒரே மானிட்டரையும் விசைப்பலகையையும் பல கணினிகளுக்குப் பகிரும் கேவிஎம் சுவிட்ச் நடுவில் இருந்தால், அதை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

அந்த நேரத்துக்குத் திரையை வரவழைக்க வேண்டுமா? மானிட்டரை அதன் பட்டனால் அணைத்து ஏற்றுங்கள். வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து முனையத்துக்கு மாறும்போது கெர்னல் திரையமைப்பைப் புதிதாக ஏற்றும். படம் வந்துவிட்டால் அதேபோல் எஃப்1 அல்லது எஃப்2 அழுத்தித் திரும்பலாம். இப்படி வந்த திரையைப் பார்த்து, "ஏதோ மந்திரம் போட்டீர்கள்" என்று ஒரு கணக்காளர் அம்மா சொன்னார். மந்திரமும் இல்லை, நிரந்தரத் தீர்வும் இல்லை.

என்விடியா அட்டை உள்ள கணினிகளுக்குத் தனிக் கதை. எஸ்3 வகை உறக்கத்தில் முதன்மை நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தொடரும்; கிராபிக்ஸ் அட்டையின் சொந்த நினைவகம் அழிந்துபோகும். அதில் இருந்தவற்றை உறங்குமுன் எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். என்விடியாவின் டிரைவரில் இதற்கென்றே "ப்ரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்" என்ற அமைப்பும், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கான சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளும் உண்டு. அமைப்பு 1 என்று இருக்க வேண்டும், சேவைகளும் இயங்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் கறுப்புத் திரையோ, கிழிந்த படங்களோ காத்திருக்கும். எழுதி வைக்கும் இடமும் முக்கியம். வேறு இடம் குறிப்பிடாவிட்டால் டிரைவர், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் (/tmp) அடைவைப் பயன்படுத்தும். ஃபெடோராவிலும் 2025-இல் வந்த டெபியன் 13-இலும் அந்த அடைவு இயல்பாக நினைவகத்திலேயே இருக்கிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 8 ஜிபி கிராபிக்ஸ் அட்டையை மாட்டியவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள். வட்டில் உள்ள ஓர் அடைவை, அட்டையின் நினைவகத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடத்தோடு, குறிப்பிட்டுவிடுவது நல்லது.

மடிக்கணினி என்றால் அது எந்த வகை உறக்கத்துக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். சிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்ற கோப்பை (/sys/power/mem_sleep) திறந்தால் எஸ்2ஐடில், டீப் என்ற சொற்கள் இருக்கும். நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குள் நிற்கும். டீப் என்பதுதான் எஸ்3; எஸ்2ஐடில் அதைவிட மேலோட்டமான உறக்கம். இணையத்தில் எல்லாக் கேள்விக்கும் "டீப் என்று மாற்று" என்று ஒரே பதில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பலகையிலேயே இருக்கும் அடிப்படை நிரலான பயாஸ் எஸ்3-ஐ வழங்காத கணினியில் அந்தச் சொல்லே கோப்பில் இருக்காது. லெனோவோவின் 2018 எக்ஸ்1 கார்பனில் முதலில் எஸ்3 இல்லை. பிறகு பயாஸ் புதுப்பிப்பில்தான் "லினக்ஸ்" என்ற உறக்கத் தேர்வைச் சேர்த்தார்கள். பயாஸைப் புதுப்பித்து அங்கே இப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று பார்த்தபிறகு கெர்னல் அமைப்புகளுக்குப் போகலாம்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்கள் லைட் லாக்கர் என்ற பூட்டுத் திரை நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த ஸ்கிரீன்சேவரைப் போடுங்கள். சுட்டி மட்டும் நகரும் பழைய புகார்களில் நல்ல பங்கு இதற்கு உண்டு.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, பிங்கும் பதில் தரவில்லை என்றால் அணைத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் பவர் பட்டன் கடைசி. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், யு, பி (S, U, B) என்று சற்று இடைவெளி விட்டு அழுத்துங்கள். எஞ்சியதை வட்டில் எழுதி, மேலும் எதுவும் எழுத முடியாதபடி வட்டைப் பூட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. கெர்னல் முழுதாக உறைந்திருந்தால் இதுவும் வேலை செய்யாது.

திரும்ப ஏறியதும், சூடு ஆறுமுன் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையில், கணினி இதற்கு முந்தைய முறை ஏறியபோதான கெர்னல் பதிவுகளைப் பாருங்கள். "சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரிக்குப் பிறகு "சஸ்பெண்ட் எக்ஸிட்" வந்திருந்தால் கெர்னல் விழித்துவிட்டது; அதன்பின் வரும் கிராபிக்ஸ் டிரைவரின் புலம்பல்களில்தான் துப்பு இருக்கும். என்ட்ரியோடு பதிவு நின்றிருந்தால், உறங்கும்போதோ எழும்போதோ கெர்னல் சிக்கியிருக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக எழுந்த கணினி புதுப்பித்தலுக்குப் பிறகு இப்படி ஆகியிருந்தால், கணினி ஏறும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை உறங்கவைத்து எழுப்புங்கள். அதில் திரை வந்தால் இரண்டு கெர்னல்களின் பதிப்பு எண்களையும் அந்தப் பதிவையும் சேர்த்து உங்கள் லினக்ஸ் வழங்கலின் வழுத்தளத்தில் புகாரிடுங்கள். திருத்தம் வரும்வரை பழைய கெர்னலிலேயே வேலை பார்க்கலாம்.