நல்லி எலும்பில் ஒரு புடைப்பு

சென்னை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிய நல்லியின் நடுவில் ஒரு புடைப்பு இருந்தது. "எப்பவோ கால் முறிஞ்சு கூடின ஆடு சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது முழுக்கச் சரி.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். அதற்குள் நாரும் குருத்தெலும்பும் வளர்ந்து இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் அது எலும்பாக இறுகும். அவசரத்தில் போட்ட எலும்பு, அதனால் தேவைக்கு மேல் தடித்திருக்கும். அப்புறம் மாதக்கணக்கில், எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் மாறி மாறி அதைச் செதுக்கிச் சீராக்கும். ஆகவே முறிவின் விளிம்பு கூராகவே இருந்தால் விலங்கு சீக்கிரமே இறந்திருக்கிறது. மழமழப்பாக இருந்தால் அதன் பிறகும் நாள் கண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட எலும்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் (1728–1793). அவரது சேகரிப்பை 1799இல் பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கியது. மனிதருக்கு வரும் நோயை விலங்கின் எலும்போடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நோய் புரியும் என்று அவர் நம்பினார். எலும்பு உயிருள்ளது என்பதைக் காட்ட, பன்றிகளுக்கு மஞ்சிட்டி இனச் சாயவேரைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார். அதிலுள்ள அலிசரின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தின்ற நாட்களில் புதிதாக உருவான எலும்பு மட்டும் சிவந்திருக்கும். அலிசரின் நமக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்களால் வண்ணாரப்பேட்டை பேர் பெற்ற காலத்தில், நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரில் இருந்ததும் அதுதான்.

முறிவைவிடக் கொடுமை சீழ். மாட்டின் வாயை முரட்டு வைக்கோலோ முள்ளோ கிழிக்கும்போது, வாயிலேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா தாடை எலும்புக்குள் இறங்கிவிடும். அது உள்ளே அரிக்க அரிக்க, எலும்பைப் போர்த்திய சவ்வு வெளியே புது எலும்பைக் கட்டிக்கொண்டே போகும். கடைசியில் தாடை ஊதி, தேனடை போல ஓட்டை ஓட்டையாகிவிடும். அப்படியொரு தாடையைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். அந்த மாடு அதோடுதான் தின்ன முயன்றிருக்கும்.

இத்தனை காலம் இவை நிலைப்பதற்குக் காரணம், எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம். தண்ணீரில் ஊறவைத்தால் சதை அழுகிக் கழன்றுவிடும், கனிமம் நிற்கும். குண்டுக்கு மட்டும் அது தாங்கவில்லை: 1941 மே மாத விமானத் தாக்குதலில் ஹன்டர் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது.

அந்த இழப்பு சாதாரணமானதல்ல. பாரம் இழுக்கும் மாட்டுக்குக் குளம்புக்கு மேலுள்ள எலும்புகள் அகன்று, மூட்டு விளிம்பில் உதடு போல எலும்பு வளரும். மண்ணில் கிடைக்கும் எலும்பில் அதைப் பார்த்துத்தான் அந்த மாடு ஏரோ வண்டியோ இழுத்ததா என்று தொல்லியலாளர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் வயதாலும் உடல் எடையாலும்கூட இதே மாற்றம் வரும். பிரித்தறிய, இன்ன வேலை செய்தது, இன்ன வயது என்று தெரிந்த மாட்டின் எலும்பு பக்கத்தில் வேண்டும். துறைமுகத்திலிருந்து மண்ணடிக்கு மூட்டை இழுத்த ஒரு மாட்டின் கால் எலும்பு, "வண்டி மாடு, வலப்பக்கம் பூட்டியது, வயது இவ்வளவு" என்ற சீட்டோடு ஒரு அலமாரியில் இருந்தால், அதன் மதிப்பே வேறு.