வண்டிக் கடையில் லைசென்ஸ் கேட்கவில்லையாம்

போன வாரம் ஒரு அப்பா போன் செய்தார். 27 வயது மகள் தனியாகத் தாய்லாந்து போயிருக்கிறாள். சியாங் மாய் நகரத்திலிருந்து பாய் (Pai) என்ற மலை ஊருக்குப் போகும் பாதையில் வாடகை ஸ்கூட்டரோடு விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனை இரண்டரை லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) கேட்கிறது. "இன்சூரன்ஸ் இருக்கு மேடம், நீங்க ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். மகளிடம் டூவீலர் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கார் லைசென்ஸ்தான் இருக்கிறதாம். வெளிநாட்டில் வண்டி ஓட்ட இன்டர்நேஷனல் பர்மிட்? "கடைக்காரர் எதுவுமே கேக்கலையே மேடம்!"

பயணக் காப்பீட்டு கிளெய்ம் மேசையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தப் பதிலை இந்த ஆண்டில் மட்டும் ஆறாவது தடவையாகக் கேட்கிறேன்.

அந்தப் பெண் அலட்சியமானவள் இல்லை. பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரியில் தங்கியிருந்தாள். லைவ் லொகேஷன் அம்மாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எந்த நாளும் இரவு ஒன்பதுக்கு மேல் வெளியில் இல்லை. வீட்டில் சொல்லி அனுப்பியதெல்லாம் இருட்டைப் பற்றியும் முன்பின் தெரியாத ஆண்களைப் பற்றியும்தான், அதையெல்லாம் அவள் அப்படியே கேட்டு நடந்திருக்கிறாள். ஆனால் விழுந்தது காலை பத்தரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், ஆளே இல்லாத ஒரு வளைவில். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பும் பெற்றோர் என்னிடம் நூறு கேள்வி கேட்கிறார்கள். அங்கே அவள் எதில் ஏறிப் போகப் போகிறாள் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

சியாங் மாய்–பாய் சாலையில் 762 வளைவுகள். அந்த எண்ணை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். வளைவுகளில் மணலும் சரளையும் ஓரமாகச் சேர்ந்து கிடக்கும். தாய்லாந்தில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 74 சதவீதம் பேர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது நம்மவர்களுக்கு இல்லாத தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. எனக்கு வரும் போட்டோக்களில் வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சைலன்ஸர் சுட்ட காயம் இருந்தால், ஆள் ஸ்கூட்டருக்குப் புதிது என்று உடனே தெரிந்துவிடும். (அதன்மேல் டூத்பேஸ்ட் தடவாதீர்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.)

இப்போது அந்த "கேக்கலையே"வுக்கு வருகிறேன். கடைக்காரர் லைசென்ஸ் கேட்கவில்லை என்றால் அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வண்டி போனால் பிடித்து வைக்க உங்கள் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. உங்களை ஓட்ட அனுமதிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. சாவி கொடுப்பது அனுமதி இல்லை. ஹாஸ்டலில் எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதும் அனுமதி இல்லை. வழியில் போலீஸ் நிறுத்தி அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது, அதனால் பரவாயில்லை என்று ஒருவர் அந்த ரசீதையே கிளெய்மோடு இணைத்து அனுப்பினார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினீர்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? "வண்டிக்கே இன்சூரன்ஸ் உண்டு" என்பார்கள். அங்கே கட்டாயக் காப்பீடு இருக்கிறதுதான். தவறு உங்கள் பக்கம் என்றால் அதில் மருத்துவச் செலவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 30,000 பாட். அந்தப் பெண்ணின் பில் இரண்டரை லட்சம்.

பெரும்பாலான பாலிசிகளில் இது தெளிவாக எழுதியிருக்கிறது: செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பணம் கிடையாது. குடித்துவிட்டு ஓட்டினாலும் கிடையாது. அவளுடைய மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அப்பா பேங்க் டெபாசிட்டை உடைத்துப் பணம் அனுப்பினார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்குங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆனால் உங்கள் லைசென்ஸில் எந்த வண்டி இருக்கிறதோ அதுதான் பர்மிட்டிலும் வரும். கார் மட்டும் இருந்தால் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். சியாங் மாய் ஆர்கேட் பேருந்து நிலையத்திலிருந்து பாய்க்கு மினி வேன் போகிறது, சுமார் மூன்று மணி நேரம். வாந்தி வரும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் அடமானமாக வைக்காதீர்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து, ஈடு வைக்க உங்களுக்கே உரிமை இல்லை. பட்டாயாவிலும் புக்கெட் தீவின் படோங் கடற்கரையிலும் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) வாடகைக்கு எடுத்தவர்களிடம் பழைய கீறலைக் காட்டிப் பணம் பறிப்பது காலங்காலமாக நடக்கிறது. பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் நீங்கள் எப்படி வாதாடுவீர்கள்? நகலும் ரொக்க முன்பணமும் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு வெளியே வாருங்கள். வண்டியை எடுக்குமுன் சுற்றிலும் வீடியோ எடுத்துவையுங்கள். 

தனியாகப் போகும் பெண்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் நினைவில்லாமல் கிடக்கும்போது உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. போன் பூட்டியிருக்கும். அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டவர்களுக்கு அவள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மா போனில் அவளுடைய லொகேஷன் புள்ளி அசையாமல் நின்றிருக்கிறது, ஏதோ வியூ பாயிண்டில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். ஒரு சின்ன அட்டையில் பெயர், ரத்த வகை, அலர்ஜி, பாலிசி எண், காப்பீட்டு உதவி எண், +91 போட்டு வீட்டு எண் ஒன்று எழுதி போன் கவருக்குள் வையுங்கள். போனின் எமர்ஜென்சி பகுதியிலும் அதையே நிரப்புங்கள். ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீஸுக்கு 1155. தங்கும் இடத்தில் ரிசப்ஷன் அக்காவிடம் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடையில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைக் கடைசியில் போய் வாங்கி வந்தது அப்படி ஒரு அக்காதான்.

இதைத் தாய்லாந்தில் உட்கார்ந்து படிப்பவர்கள், வாசலில் வாடகை ஸ்கூட்டர் நிற்கிறதா? லைசென்ஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டூவீலர் அதில் இல்லையென்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்குங்கள். மிச்ச நாள் வாடகை போனால் போகட்டும்.