ஔகாரத்தைத் திருத்தப் போய் வெள்ளி உடைந்த கதை

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கோப்பிக்கடை. மடிக்கணினியில், யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்துவைத்த சொற்பட்டியலின் நகல். அதில் 'கெளரவம்' என்றிருந்தது. கண்ணுக்குக் குறை தெரியாது. கணினிக்கோ அது க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என மூன்று குறிகள். முறையான 'கௌ' இரண்டே குறிகள்: ககரமும் ஔகாரக் குறியும். ஔகாரத்தின் பின்பாதி ளகரம் மாதிரியே இருப்பதால் வந்த வினை. ஒழுங்காகத் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு அந்தச் சொல் அகப்படாமல் போகலாம்.

சரி, ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வருகிற இடத்தையெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரே கட்டளை கொடுத்தேன். கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சீராயின. கூடவே 'வெள்ளி' உடைந்து, குறி சேர எழுத்தில்லாதபோது கணினி காட்டும் புள்ளிவட்டம் நடுவில் முளைத்தது. வெளிச்சம், தெளிவு, கெளுத்தி மீன் எதுவும் தப்பவில்லை. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியை இறுக்கினேன். வெள்ளி பிழைத்தது. பேச்சுவழக்கு 'வெளக்குமாறு' மாட்டிக்கொண்டது! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அகராதிக்குப் பொருந்தாது. இங்கே ஒவ்வொரு பருக்கையும் வேறு அரிசி.

நல்லவேளை, அது என் கணினியில் இருந்த நகல். விக்சனரியில் நேரடியாக ஓட்டியிருந்தால்? அதற்குத்தான் அனுமதி முறை. ஆட்டோவிக்கிபிரவுசர் போன்ற கருவி பக்கங்களை வரிசையாகத் திறந்து, மாற்றத்தைக் காட்டி, சேமிக்கும் பொத்தானை மனிதரிடம் விட்டுவிடும். பல விக்கிகளில் இதற்கென ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. நிர்வாகிகள் அதில் பெயர் சேர்க்க வேண்டும். உள்நுழையும்போது கருவியே பட்டியலைப் பார்த்து, பெயர் இல்லையென்றால் மறுத்துவிடும்.

ஆளே இல்லாமல் ஓடும் தானியங்கிக்குக் கெடுபிடி அதிகம். தனிக் கணக்கு வேண்டும், என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கொஞ்சம் தொகுப்புகளை, அதாவது பக்கங்களில் செய்யும் திருத்தங்களை, ஓட்டிக் காட்ட வேண்டும். சமூகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கணக்குக்குத் தானியங்கி உரிமை. அந்த உரிமை கிடைத்ததும், அதன் தொகுப்புகள் அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் வழக்கமாகத் தெரியாது. ஆயிரம் சின்னத் திருத்தங்களில் மனிதர் செய்தவை புதைந்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் அங்கே கண் வைத்திருப்பவர்களிடம் தானியங்கியின் பிழையும் சிக்காது. என்னைக் கேட்டால், இவ்வளவு கெடுபிடிக்கும் இதுவே முதல் காரணம்.

நிரல் எழுதத் தெரிந்தவர் நிறையப் பேர். அகராதிக்கு அது போதாது. 'வெள்ளி' என்றால் உலோகம், கிழமை, கோள். சிங்கப்பூரில் ஐந்து வெள்ளி கொடுத்து மீன் வாங்குகிறோம். அந்தப் பொருளைப் பிழையென்று நினைத்து ஒருவர் மொத்தமாக நீக்கக்கூடும், நல்ல எண்ணத்தோடுதான். அதனால் இந்த அனுமதிகளுக்கு விண்ணப்பித்தவரின் பழைய தொகுப்புகளைப் புரட்டும்போது, யாராவது தவறு சுட்டியபோது என்ன செய்தார் என்று பார்ப்பேன். அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி விழுந்தாலே ஆட்டோவிக்கிபிரவுசர் நின்றுவிடும். செய்தியைப் படிக்காமலே மறுபடி ஓட்டுகிறவருக்கு நான் ஆதரவு தரமாட்டேன்.