எழுத்தோட்டத்திலேயே பயம் தொடங்கிவிடுகிறது

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத் தியேட்டர்களில் படம் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: படத் தொடக்கத்தில் பெயர்கள் ஓடுகிற எழுத்தோட்டம் முடியும்வரை சனம் வந்துகொண்டே இருக்கும். போன் வெளிச்சத்தில் இருக்கை இலக்கம் தேடுவார்கள், "தம்பி, கொஞ்சம் காலை எடுங்கோ" என்பார்கள். மசாலாப் படமென்றால் பெரிய நட்டமில்லை. குற்றத் திரில்லருக்கு அப்படி வந்தால் படத்தின் ஒரு பகுதியே போய்விடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் கதை கொஞ்சமும் நகர்ந்திருக்காது. ஆனால் நேரத்துக்கு வந்தவரின் கண்ணும் காதும் நெஞ்சுத் துடிப்பும் கதைக்குத் தயாராகியிருக்கும்.

கண்ணில் நடப்பதை முதலில் பார்ப்போம். எதையும் நாம் கூர்மையாகக் காண்பது பார்வையின் நடுவில் ஏறத்தாழ 2 பாகை அகலத்துக்குள் மட்டும்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் தெரிகிற அளவு. அதற்கு வெளியே விவரம் மங்கும், அசைவு மட்டும் நன்றாகப் பிடிபடும். வாசிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விட முடியாது. ஆகவே திரையில் ஒரு பெயர் தோன்றியதும் அந்த 2 பாகையும் அங்கே போய்விடும். பின்னால் ஓடுகிற காட்சி, ஒரு கையோ கத்தரிக்கோலோ ஈரத் தரையோ, ஓரப் பார்வைக்கு விடப்படுகிறது. ஏதோ அசைந்தது, என்னவென்று தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிடும். சூழ்நிலை ஏற்கெனவே இருண்டிருக்கும்போது மூளை இந்த அரைகுறைத் தகவலை ஆபத்தென்றே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். எழுத்தோட்டத்தின் மிகப் பெரிய தந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன்: பெயர்களைக் கொடுத்துக் கண்ணை வாசிக்க வைத்துவிட்டு, பயத்தை ஓரத்தால் உள்ளே அனுப்புவது.

டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' படத்துக்கு 1995இல் கைல் கூப்பர் செய்த எழுத்தோட்டம் இதற்கு முழுமையான உதாரணம். கொலையாளி தன் குறிப்புப் புத்தகங்களை வெட்டுகிறான், தைக்கிறான். விரல்கள் தெரிகின்றன, முகம் தெரிவதேயில்லை. பெயர்கள் கையால் கீறி எழுதப்பட்டவை, நின்ற இடத்தில் நில்லாமல் துள்ளுகின்றன. வாசிக்கும்போது நம் பார்வை ஓரிடத்தில் தங்குவது சுமார் கால் விநாடி. அதற்குள் எழுத்து இடம் மாறினால் கண் மறுபடி தேட வேண்டும். அந்தச் சிறு அலைச்சலும் எரிச்சலும் கூடத் திட்டமிட்டவைதான்.

காதின் கதை இன்னும் சுவையானது. மனித அலறலின் சத்தம் ஒரு விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை வேகமாக ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்தக் கரகரப்பு இல்லை. பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இதற்குக் கூடுதலாக எழும்புகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே கரகரப்பை வயலினிலும் உண்டாக்கலாம். 880 ஹேர்ட்ஸில் (விநாடிக்கு 880 அதிர்வு) ஸட்ஜத்தையும் 932 ஹேர்ட்ஸில் சுத்த ரிஷபத்தையும் ஒன்றாக இழுத்தால், வித்தியாசமான 52தான் விநாடிக்கு எத்தனை தடவை ஒலி ஏறி இறங்கும் என்ற கணக்கு. அலறல் இல்லாமலே அலறலின் கரகரப்பு வந்துவிடும். 1960இல் வந்த 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிய தொடக்க இசையில் இப்படி உரசும் சுரங்கள் உண்டு. அதன் எழுத்தோட்டத்தை வடிவமைத்த சோல் பாஸ் வரைந்த சாம்பல் கோடுகள் அந்த வேகத்துக்குத் திரையை வெட்டிக்கொண்டு போகும், பெயர்களும் அவற்றோடு துண்டாகும்.

தாழ்ந்த ஒலி வேறு வழியில் வேலை செய்கிறது. வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்துக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில், ரயிலைக் காணுமுன்பே ஜன்னல் கண்ணாடி அதிரும். திரில்லர் படத்தின் முதல் உறுமலும் அப்படித்தான், காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டுக்குத் தெரியும். போனின் சின்ன ஸ்பீக்கரால் இந்த ஒலியைத் தர முடியாது. காலி வீதி பஸ்ஸில் இருந்து பார்க்கும் 15 சென்ரிமீற்றர் திரை, 40 சென்ரிமீற்றர் தூரத்தில் 20 பாகையளவே பிடிக்கும். ஓரப் பார்வைக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுவந்த, தொடக்கத்தைத் தாண்டிப் போகும் பொத்தானை அமுக்கிவிட்டால் மிச்சமும் போயிற்று.

சரி, எதிர்பார்ப்பு? 'விக்ரம் வேதா' (2017) கார்ட்டூன் வடிவில் விக்கிரமாதித்தன் வேதாளம் கதையோடு தொடங்கும். வேதாளம் கதை சொன்னால் முடிவில் கேள்வி கேட்கும் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆகவே படத்தில் ரவுடி வேதா வாய் திறக்கும்போதே அந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறோம். நட்சத்திரத்தின் பெயர் ஒளிவெள்ளத்தோடு வருகிற டைட்டில் கார்டும் துடிப்பை ஏற்றும்தான், விசிலும் பறக்கும். ஆனால் இவர் தோற்கமாட்டார் என்ற உறுதியையும் அது தந்துவிடுகிறது. பயத்துக்கு நிச்சயமின்மை வேண்டும். குற்றக் கதைக்கு அந்தக் கார்டை வைக்கவே கூடாது என்பேன்.

எழுத்தோட்டம் முடிந்தாலும் உடல் உடனே அடங்காது. மிச்சமிருக்கும் படபடப்பு அடுத்து வரும் காட்சியின்மேல் ஏறிக்கொள்ளும். உளவியலாளர் டொல்ஃப் ஸில்மன் 1970களில் இதை விளக்கினார். 'சைக்கோ'வில் எழுத்தோட்டத்துக்கு அடுத்து வருவது ஃபீனிக்ஸ் நகரின் பகல் வெளிச்சம், திரையில் திகதியும் நேரமும்: வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2.43. வெறும் கட்டடங்கள்தான், ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றும். அப்புறம், திருடிய பணத்தோடு நாயகி மழையில் கார் ஓட்டும்போது ஹெர்மன் அதே தொடக்க இசையைத் திரும்பக் கொண்டுவருகிறார். திரையில் இருப்பதெல்லாம் ஸ்டீரிங் பிடித்த ஒரு பெண்ணும் வைப்பரும் எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சமும். கத்தியும் இல்லை, கொலையாளியும் இன்னும் வரவில்லை. அந்தத் தந்தி ஒலியோடு பதற்றத்தை நம் உடல் படத்தின் முதல் நிமிடத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டதால், இங்கே இசை தொடங்கியதும் கைகள் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்கின்றன.